வீட்டு லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ்? தனியுரிமை பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

லேப்டாப்பில் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குத் துண்டு துண்டாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். பில், பாடம், ஆபீஸ் கோப்பு, வங்கி, யூடியூப் என்று தினமும் புழங்குகிற லேப்டாப்பைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஓஎஸ்ஸுக்கும் பிரைவசிக்கும் என்ன சம்பந்தம்? நான் பிரவுசர்ல கவனமாத்தானே இருக்கேன்?

பிரவுசருக்குத் தெரிவது அதற்குள் நடப்பது மட்டும். ஓஎஸ் அதற்கும் அடியில் இருக்கிறது. தட்டும் எழுத்து, திறக்கும் கோப்பு, செருகும் பெண்டிரைவ் எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன. அதனால் அதைத் தயாரிப்பவர் எதையெல்லாம் வெளியே அனுப்பும்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவினால் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அது அனுப்பும் டயக்னாஸ்டிக் தகவலில் 'விருப்பம்' என்ற பகுதியை நிறுத்தலாம்; 'கட்டாயம்' என்ற பகுதியை ஹோமிலும் ப்ரோவிலும் செட்டிங்ஸில் நிறுத்த வழி கிடையாது. 2024 மே மாதம் ரீகால் என்ற வசதியை அறிவித்தார்கள். திரையை அடிக்கடி படம்பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு தேடிப் பார்க்க உதவுமாம். பாதுகாப்பு ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்ததும் தள்ளிப்போட்டு, பயனர் சம்மதித்தால் மட்டும் ஓடும்படி மாற்றினார்கள். அதுவும் கோபைலட் பிளஸ் வகைக் கணினிகளில்தான் வரும், உங்கள் பழைய லேப்டாப்பில் வராது. ஆனால் அப்படி ஒன்றை முதலில் எப்படி யோசித்தார்கள் என்பதிலிருந்தே அவர்கள் போக்கு தெரிகிறது.

விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, என் லேப்டாப்ல 11 ஏறமாட்டேங்குது. தூக்கிப் போட்டுடவா?

வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியும் வேண்டும். அது இல்லாத லேப்டாப் கெட்டுப்போய்விடவில்லை. லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் அதில் நன்றாகவே ஓடும். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் கேட்பது 2 ஜிபி ரேம், தாராளமாக ஓட 4 ஜிபி. வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் ஆளே மாறிவிடும்.

கடைக்காரர் போட்டுக் குடுத்த விண்டோஸ்தான் இருக்கு. ஆக்டிவேட் ஆகித்தான் இருக்கு. பரவாயில்லையா?

உரிமம் வாங்காமல் 'ஆக்டிவேட்' ஆகியிருந்தால் அதற்காக ஒரு கிராக் நிரலை ஓட்டியிருப்பார்கள். அந்த நிரல் ஓட பெரும்பாலும் ஆன்டிவைரஸை முதலில் அணைக்க வேண்டும், அதற்கு நிர்வாகி அதிகாரமும் கொடுக்க வேண்டும். எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாத ஒன்றிடம் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுத்த மாதிரிதான். மைக்ரோசாஃப்ட் எதை அனுப்புகிறது என்று கவலைப்படுவதற்கு முன்னால் இதைத்தான் மாற்ற வேண்டும். ஒன்று, காசு கொடுத்து விண்டோஸ் வாங்குங்கள். இல்லையென்றால் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும் லினக்ஸுக்கு வாருங்கள்.

சரி, இழுக்காம ஒரே ஒரு பேரு சொல்லுங்க. எதைப் போடறது?

லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இதுதான். பயன்பாட்டுத் தகவல் எதையும் சேகரிக்காது, கணக்கு கேட்காது, விண்டோஸில் பழகிய கைக்குப் பட்டனெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு.

இன்னொரு லினக்ஸான உபுண்டு ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். 2012-இல் வந்த 12.10 பதிப்பில், சொந்தக் கணினியில் எதையாவது தேடினால் அந்தச் சொல் வெளியே போய் அமேசான் பொருள்களும் முடிவில் வந்து நின்றன. எதிர்ப்பு கிளம்பி, 2016-இல் 16.04 பதிப்பு வந்தபோது அது இயல்பாக அணைக்கப்பட்டது. இன்றைய உபுண்டுவை மோசம் என்று சொல்லமாட்டேன். வன்பொருள் விவரத்தை அனுப்பலாமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மின்ட் உபுண்டுவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கொஞ்சம் கைவந்தவர் என்றால் டெபியன் போடலாம். எந்த மென்பொருள் பொட்டலங்களை எவ்வளவு பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கெடுப்பில் சேரலாமா என்று நிறுவும்போதே கேட்கும், நாமாக 'ஆம்' சொன்னால் மட்டும் சேரும். ஃபெடோராவும் நல்லது, ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள். மேம்படுத்திக்கொண்டே இருக்க உங்களுக்குப் பொறுமை வேண்டும்.

எனக்கு மறைக்க ஒண்ணுமே இல்லையே, எனக்கெதுக்கு இதெல்லாம்?

மறைக்க என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் யாரிடமிருந்து காப்பது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு லேப்டாப்புக்கு நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். முதல் ஆள், லேப்டாப்பே கையில் கிடைத்தவர்: திருடியவர், சர்வீஸ் கடையில் கழற்றியவர், பழசாக வாங்கியவர். இரண்டாம் ஆள் விளம்பர நிறுவனம். மூன்றாம் ஆள் இணைய இணைப்பு கொடுப்பவர். நான்காம் ஆள் குறிப்பாக உங்களையே குறிவைத்தவர். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டே முதல் ஆளுக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறோம். ஆதார் நகல், பான் அட்டை, பத்திர ஸ்கேன், பிள்ளைகள் போட்டோ எல்லாம் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும்போது 'ஒன்றுமில்லை' என்று எப்படிச் சொல்வது?

மேக் வாங்கிட்டா இந்தத் தலைவலியே இல்லைன்னு சொல்றாங்களே?

முதல் ஆளிடமிருந்து மேக் நன்றாகவே காக்கும். ஃபைல்வால்ட் என்ற வட்டுப் பூட்டு ஓஎஸ்ஸோடு வருகிறது. ஆப்பிளையே எவ்வளவு நம்புவது என்பது வேறு கேள்வி. 2020 நவம்பரில் பிக் சர் பதிப்பு வெளியான நாளன்று ஆப்பிளின் சர்வர் ஒன்று திணறியதால் உலகம் முழுக்க மேக்குகளில் செயலிகள் திறக்காமல் நின்றன. செயலியைத் திறக்கும்போது அதன் தயாரிப்பாளரின் சான்றிதழ் செல்லுமா என்று மேக் வெளியே கேட்கிறது, அதுவும் பூட்டில்லாத இணைப்பில், என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. கணினி முகவரிகளைப் பதிந்துவைப்பதை நிறுத்துவதாகவும் பூட்டிய இணைப்புக்கு மாறுவதாகவும் ஆப்பிள் பிறகு அறிவித்தது. கையில் மேக் இருந்தால் ஃபைல்வால்ட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். இதற்காகவே புதிதாக வாங்குவது எனக்கு வீண்செலவாகப் படுகிறது.

காளி லினக்ஸ்தான் செக்யூரிட்டிக்கு நம்பர் ஒன்னு, அதைப் போட்டுத் தாங்க.

கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். காளி பிறர் கணினியில் உள்ள ஓட்டைகளை அனுமதியோடு சோதிப்பவர்களுக்கான கருவிப்பெட்டி. தினசரி வேலைக்கோ லினக்ஸ் கற்கத் தொடங்கவோ ஏற்றதில்லை என்று அதன் ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறார்கள். 2020 வரை அது இயல்பாகவே எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகத்தான் ஓடியது. காளியின் டிராகன் படம் வேண்டுமென்றால் மின்டில் வால்பேப்பராகப் போட்டுக்கொள்ளலாம்.

டெயில்ஸ் போட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதாமே? அதையே லேப்டாப்ல ஏத்திடலாமா?

டெயில்ஸ் லேப்டாப்பில் ஏற்றுவதற்கு வந்ததே இல்லை, பெண்டிரைவிலிருந்து ஓடும். 8 ஜிபி பெண்டிரைவ் போதும். இணையத் தொடர்பு மொத்தமும், எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கும் டோர் வலைப்பின்னல் வழியாகவே போகும், அணைத்ததும் நடந்தது எதுவும் அந்தக் கணினியில் தங்காது. 2013-இல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்நோடென் விவகாரத்தைக் கையாண்ட பத்திரிகையாளர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 2024-இல் டோர் திட்டத்தோடே இணைந்தும்விட்டது. நான்காம் ஆளிடம் மாட்டக்கூடாதவர்களுக்கு இதைவிட நல்லது சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அன்றாடத்துக்கு ஒத்துவராது. டோர் வழியாக வங்கிக்குள் நுழைந்தால் எந்த நாட்டிலிருந்தோ யாரோ நுழைகிறார் என்று வங்கி கணக்கையே முடக்கக்கூடும். தவிர, உங்கள் பெயரிலுள்ள ஜிமெயிலை டெயில்ஸில் திறந்தால் நீங்கள் யாரென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு பெண்டிரைவில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது மட்டும் எடுங்கள்.

க்யூப்ஸ் ஓஎஸ் பத்தி என்ன நினைக்கிறீங்க?

வடிவமைப்பைப் பார்த்தால் மரியாதை வருகிறது. ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா தொடங்கியது, முதல் பதிப்பு 2012. ஒவ்வொரு வேலையும் தனித்தனி மெய்நிகர் கணினிக்குள் நடக்கும். வங்கிக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று, சந்தேகமான இணைப்பைத் திறந்து பார்த்துவிட்டு எறிய ஒன்று. ஒன்றில் வில்லங்கம் புகுந்தாலும் பக்கத்து அறைக்குத் தாண்டுவது மிகக் கடினம்.

குறைந்தது 6 ஜிபி, உருப்படியாக ஓட 16 ஜிபி ரேம் வேண்டும். எல்லா லேப்டாப்பிலும் ஏறாது, வாங்கும் முன் அவர்களுடைய வன்பொருள் பட்டியலைப் பார்ப்பது நல்லது. வீடியோவும் விளையாட்டும் திணறும். புலனாய்வுப் பத்திரிகையாளர், மனித உரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் என்றால் கற்றுக்கொள்ளும் சிரமத்துக்குப் பலன் உண்டு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவும் தொடர் பார்க்கவும் என்றால் ஒரு வாரத்தில் கழற்றிவிடுவீர்கள்.

லாகின் பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா வெச்சிருக்கேன். திருடு போனாலும் திறக்க முடியாதுல்ல?

திறக்க முடியும், ஐந்து நிமிடம்கூட ஆகாது. வட்டைப் பூட்டியிருக்காவிட்டால் லாகின் பாஸ்வேர்டு அந்த ஓஎஸ்ஸுக்கு மட்டும்தான். வேறொரு லினக்ஸ் பெண்டிரைவைச் செருகிக் கணினியை எழுப்பினால் கோப்பெல்லாம் அப்படியே தெரியும். வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினாலும் அதே கதை.

இதற்கு மருந்து முழு வட்டுப் பூட்டு. லினக்ஸில் அதன் பெயர் லக்ஸ். மின்ட் நிறுவும்போது வட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கும் திரையில் மேம்பட்ட வசதிகளுக்குள் ஒரு டிக் இருக்கும். பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு போட நினைத்தால் கோப்புகளையெல்லாம் வெளியே எடுத்துவைத்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் சுலபமான வழி. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். எந்த லினக்ஸ் என்பதைவிட இந்த டிக்தான் பெரிய வித்தியாசம் செய்கிறது.

கணினி அணைந்திருக்கும்போதுதான் இந்தப் பூட்டு பூட்டாக இருக்கும். மூடியை மடக்கித் தூங்கவைத்தால் சாவி நினைவகத்திலேயே இருக்கிறது. பஸ்ஸில், ரயிலில் போகும்போது ஷட்டவுன் செய்துவிடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாஸ்வேர்டு கேட்டால் தர வேண்டியதில்லை. திரையோ கீபோர்டோ மாற்றியிருந்தால், ஒரு லினக்ஸ் பெண்டிரைவில் எழுப்பியே சோதித்துப் பார்க்கலாம்.

பூட்டு பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா மீட்க வழி இருக்கா?

இல்லை. இருந்தால் திருடனுக்கும் இருக்கும். லக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட பாஸ்வேர்டு வைக்கலாம்; இரண்டாவதைத் தாளில் எழுதி நகை, பத்திரம் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கோப்புகளின் நகல் ஒன்று வெளி வட்டிலும் இருக்கட்டும், அந்த வட்டும் பூட்டப்பட்டதாக.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தானாக விழும் வட்டுப் பூட்டின் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறதிக்காரர்களுக்கு அது வசதி. சாவியின் நகல் ஒன்று நிறுவனத்திடமும் இருக்கிறது என்பது அதன் விலை.

டேலியும் டிஎஸ்சியும் இல்லாம எனக்குப் பொழப்பு ஓடாது. லினக்ஸ்ல வருமா?

கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸ் மென்பொருள். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) வைத்த யுஎஸ்பி டோக்கன் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் கடைசித் தேதியன்று அதோடு மல்லுக்கட்ட யாருக்கும் நேரமிருக்காது. நீங்கள் தனிநபர் உரிமையாளர் என்றால் ஜிஎஸ்டி தளத்தில் ஓடிபி வைத்தே கையெழுத்திடலாம். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும்தான் டிஎஸ்சி கட்டாயம். வருமான வரித் தாக்கலை பிரவுசரிலேயே முடித்து, ஆதார் ஓடிபியில் சரிபார்த்துவிடலாம்.

டிஎஸ்சி தவிர்க்கவே முடியாது என்றால் மின்டுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் உரிமம் வாங்கிய விண்டோஸை வையுங்கள். யுஎஸ்பி டோக்கனை உள்ளே அனுப்பிவைக்கலாம். 8 ஜிபி ரேமாவது இருக்க வேண்டும். இரண்டு ஓஎஸ்ஸையும் ஒரே வட்டில் பக்கத்தில் பக்கத்தில் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்று போனால் முன் சொன்ன அந்த டிக் கிடைக்காது. பூட்டில்லாத லினக்ஸ் பகுதியை, நிர்வாகி அதிகாரம் உள்ள எந்த விண்டோஸ் நிரலாலும் படித்துவிட முடியும்.

தமிழ் டைப்பிங் வருமா? எனக்கு ஃபோனெடிக் மட்டும்தான் தெரியும்.

வரும். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுப் பொட்டலங்களைப் போட்டால் ஃபோனெடிக், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும். தட்டுவது எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். வலைப்பக்கத்தில் தட்டித் தமிழாக்கித் தரும் கருவிகளில் பலவும் ஒவ்வொரு சொல்லையும் வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பித்தான் மாற்றுகின்றன. அதில் உயில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வானவில், பாமினி எழுத்துருக்களில் பழைய கோப்பு இருந்தால் அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், ஆனால் புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள்.

இந்திய அரசோட பாஸ் லினக்ஸ் இருக்கே, அது நம்மூர்தானே, அதைப் போடலாமா?

சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது, டெபியன் அடிப்படை. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். அரசு அலுவலகப் பயன்பாட்டுக்கு என்று எழுதியது. வீட்டுக்கு அதன் அம்மாவான டெபியனையே நேராகப் போடலாம், பாதுகாப்புப் புதுப்பிப்பு உடனுக்குடன் வரும்.

நண்பர் பெண்டிரைவ்ல மின்ட் குடுத்தார். அப்படியே போட்டுடலாமா?

நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், கோப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே நாளில் கண்டுபிடித்து அறிவித்தார்கள், ஆனால் அன்று இறக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, அந்த எண்ணுள்ள கோப்பின் டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபாருங்கள். கையெழுத்து ஏன்? தளத்தை மாற்ற முடிந்தவரால் தளத்தில் போட்டிருக்கும் எண்ணையும் மாற்ற முடியும். பத்து நிமிட வேலை, செய்முறை மின்டின் நிறுவல் கையேட்டிலேயே இருக்கிறது.

மின்ட் போட்டாச்சு. குரோம்ல கூகுள் அக்கவுன்ட் போட்டுப் பாக்கறேன். இப்போ பிரைவசி வந்துடுச்சா?

வட்டுப் பூட்டும் போட்டிருந்தால் முதல் ஆள் வெளியே போய்விட்டார். இரண்டாம் ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்களே உள்நுழைந்த இடத்தில் உங்களைக் காக்க எந்த ஓஎஸ்ஸாலும் முடியாது. மின்டோடு வரும் ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு தளத்தின் குக்கியும் தனித்தனிப் பெட்டியில் இருக்கும், 2022 முதல் இது இயல்பான அமைப்பு. அதோடு விளம்பரத் தடுப்பானான யுபிளாக் ஆரிஜின் சேர்த்து, தகவல் அனுப்பும் டிக்குகளை செட்டிங்ஸில் எடுத்துவிடுங்கள். கூகுள் வேண்டிய வேலைகளுக்குத் தனியாக ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம்.

விபிஎன் போட்டா இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரியாதுல்ல?

விபிஎன் உங்கள் இணையத் தொடர்பை இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்புகிறது. இணைப்பு கொடுப்பவருக்குத் தெரியாமல் போவது விபிஎன்காரருக்குத் தெரியும். மூன்றாம் ஆளை மாற்றினீர்களே தவிர ஒழிக்கவில்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இலவச விபிஎன் என்றால் அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யோசியுங்கள். வீட்டு இணைப்பில் வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் விபிஎன் தேவையில்லை, அந்தத் தளங்கள் ஏற்கெனவே பூட்டிய இணைப்பில்தான் பேசுகின்றன.

ஓப்பன் சோர்ஸ்னா யார் வேணா உள்ள எதையாவது திணிச்சிடலாமே?

திணிக்கப் பார்த்தும் இருக்கிறார்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நல்ல பிள்ளையாகப் பங்களித்து, பொறுப்பைக் கையில் வாங்கிப் பின்கதவு வைத்தார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி தாமதமாவது ஏன் என்று அவர் நோண்டிப் பார்த்ததுதான் காரணம்.

நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் நோண்ட முடிந்தது. அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதும் நியாயமான பயம்தான். வீட்டுப் பயனர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, புத்தம்புதிய சோதனைப் பதிப்புகள் பக்கம் போகாமல் இருப்பது. அந்தப் பின்கதவு சோதனைக் கிளைகள் வரை வந்தது. டெபியனின் நிலையான பதிப்பையும் மின்டையும் எட்டவில்லை.

மின்ட்ல ஒரு ஆப் இன்னொரு ஆப்ல நான் தட்டறதைப் பாக்க முடியுமா?

முடியும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மின்டின் சின்னமன் இயல்பாக ஓடுவது எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில். அதில் ஓடும் எந்தச் செயலியும் மற்றதில் தட்டுவதைக் கேட்கலாம், திரையைப் படம்பிடிக்கலாம். ஃபெடோரா 2016 முதல் இயல்பாகத் தரும் வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் இந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. நம்பிக்கையில்லாத மென்பொருளை அடிக்கடி நிறுவும் வேலை என்றால் மேலே சொன்ன 13 மாதச் சிரமத்தோடு ஃபெடோராவையே எடுங்கள். மின்டின் சொந்தக் களஞ்சியத்தில் உள்ளதை மட்டும் நிறுவுகிறவருக்கு இது தூக்கம் கெடும் விஷயமில்லை.

பழைய லேப்டாப்பை விக்கப்போறேன். ஃபார்மட் போட்டாப் போதுமா?

சாதாரண ஃபார்மட் போதாது, கோப்பை மீட்கும் இலவச நிரல்களே இருக்கின்றன. சுழலும் வன்தட்டு என்றால் முழுவதையும் ஒருமுறை பூஜ்யத்தால் நிரப்பினால் போதும், ஏழுமுறை தேவையில்லை. எஸ்எஸ்டியில் அது நம்பகமில்லை. தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், பழைய துண்டுகள் ஒளிந்திருக்கலாம். எஸ்எஸ்டிக்கென்றே உள்ள பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும், சில லேப்டாப்களில் பயாஸிலேயே (ஓஎஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) அது இருக்கும். முதல் நாளிலிருந்தே லக்ஸ் பூட்டு இருந்திருந்தால் அந்தக் கட்டளையோடு வேலை முடிந்தது. மிஞ்சிக் கிடக்கும் துண்டும் சாவியில்லாத குப்பைதான். பூட்டே இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டியது, பயாஸிலும் வசதி இல்லை என்றால், எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பை மட்டும் விற்றுவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறையும்.